கதவில் நிறுத்திய ஃபோகஸ்

லென்ஸின் பக்கவாட்டில் நகத்தளவில் ஒரு விசை உண்டு. மேலே தள்ளினால் ஃபோகஸ் கேமராவின் பொறுப்பு. கீழே தள்ளினால் என் பொறுப்பு. தங்கையின் கல்யாணத்தன்று காலையில், பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் இருந்த மண்டபத்தில், தவில்காரருக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் ஒடுங்கி நின்றபடி நான் அந்த விசையை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை வேர்த்து விசை வழுக்கியது. பட்டுப்புடவையில் துடைத்தால் கறையாகும் என்று கழுத்தில் தொங்கிய கேமராப் பட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். தாலி ஏறும் நேரத்தில் அம்மாவின் முகம். ஆனால் அம்மா மேடையில் இல்லை. கூடத்தின் மறுகோடியில், சாமான் அறையின் நீலக் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருநூறு முந்நூறு பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் உட்காரவே இல்லை.

அந்தப் படத்தைக் கேட்டது தங்கைதான். காலையில் மணமகள் அறையில், தலை நிறையப் பூவைத்துப் பின்னலை முடித்துவிட்டு எல்லாரும் காப்பி குடிக்கப் போன இடைவெளியில், என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, தாலி கட்டுற போட்டோவை அந்த போட்டோகிராபரே எடுத்துப்பாரு. நீ என் பக்கம் திரும்பவே திரும்பாத.”

“பின்ன?”

“அம்மாவை எடு. தாலி ஏறும்போது அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கணும். நான் தலையைக் குனிஞ்சிட்டு இருப்பேன், எனக்குத் தெரியாது. மஸ்கட் போனப்புறம் அது ஒண்ணு என்கிட்ட இருந்தா போதும்.”

“சரி, அழாத. கண் மை கரைஞ்சா மாப்பிள்ளை பயந்து ஓடிடுவாரு” என்றேன். அவள் சிரித்தாள். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் படம் எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அம்மா ஏன் கதவோரம் நின்றாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அப்பா இல்லாத வீட்டில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க ஜோடியாக ஒருவர் வேண்டும் என்று அப்பாவின் அக்காவும் அவள் கணவரும் உட்காருவதாக முடிவாயிற்று. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அத்தை எங்களைத் தூக்கி வளர்த்தவள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் தினமும் பஸ் பிடித்துச் சாப்பாடு கொண்டுவந்தவள். ஆனால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, முகூர்த்த நேரத்தில் அம்மா மேடைப் பக்கம் வராமல் இருப்பது நல்லது என்று அவள் சொன்னபோது, நான் கையில் இருந்த பத்திரிகைக் கட்டைத் தூக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றேன்.

“எந்தக் காலத்துல இருக்கீங்க அத்தை?”

“நான் சொல்றது உங்கம்மாவுக்குக் கெடுதலாடி? நாளைக்கு அந்த வீட்ல ஒருத்தருக்கு ஜுரம் வந்தாலும் இதைத்தான் சொல்லுவாங்க. விதவை முன்னாடி நின்னான்னு. அந்தப் பேச்சு யார் தலையில விழும்? உன் தலையிலயா? உன் தங்கச்சி தலையில.”

நான் இன்னும் உரக்கக் கத்தினேன். தங்கையும் சேர்ந்துகொண்டாள். சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“சும்மா இருங்கடி ரெண்டு பேரும். கல்யாணம் நல்லா நடந்தா போதும் எனக்கு. சாமான் ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்? என்கிட்டதான். நான் அந்தக் கதவை விட்டு நகர்ந்தா தாம்பூலப் பைக்கு வச்ச தேங்காயெல்லாம் சமையல்காரன் மூட்டையில போயிடும்.”

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். எனக்கு அத்தைமேல் வந்த கோபத்தைவிட, இப்படித் தேங்காய்க்குக் காவல் நிற்பதாகச் சொல்லித் தானே ஒதுங்கிக்கொண்ட அம்மாமேல் வந்த கோபம் பெரிது. முந்தின நாள் மதியம் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பெரிய தாம்பாளத்தில் பச்சரிசியைக் கொட்டி, மஞ்சள் தூளும் ஒரு சொட்டு நெய்யும் விட்டு அட்சதை கலந்தாள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து, மஞ்சள் பத்தவில்லை, இன்னும் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கையால் கலந்த அரிசி ஆகுமாம், அம்மா கையால் போட்டால் ஆகாதாம். நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

இனி கேமராவின் கதை. அப்போது நான் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டில் அதைச் சும்மாவே செய்துகொண்டிருந்தாய் என்பாள் அம்மா. ஆபீஸில் ஆளாளுக்கு டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நானும் லென்ஸ் மாற்றுகிற வகையில் ஒன்றை வாங்கினேன், கூடவே தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுக்கும் நீள லென்ஸ் ஒன்றையும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைகளை எடுப்பேன். என் கணவருக்கு அது புரியவே இல்லை. பெங்களூரில் பருந்துக்கா பஞ்சம், மாடிக்கு ஏறினால் தலையிலேயே உட்காரும் என்பார்.

பறக்கிற பருந்தை எடுக்கக் கண்டினியுவஸ் ஃபோகஸ் வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்வரை, பறவை கிட்டே வந்தாலும் எட்டப் போனாலும் லென்ஸ் உள்ளுக்குள் கர்ர் கர்ர் என்று திரும்பி அதையே துரத்திக்கொண்டிருக்கும். வெறும் வானத்தில் அது அற்புதமாக வேலை செய்யும். ஆனால் நடுவில் ஒரு மரக்கிளை வந்தால் போதும், பறவையை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எது பருந்து, எது கிளை என்று தெரியாது. எது முன்னால் வருகிறதோ அதுதான் முக்கியம் என்று நினைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் சில சொந்தக்காரர்கள் அப்படித்தான்.

அதனால் நீர்க்காகங்களுக்கு நான் வேறு வழி வைத்திருந்தேன். ஏரிக்குள் நட்டிருந்த ஒரு மூங்கில் கழியில் ஒரு நீர்க்காகம் தினமும் வந்து உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும். முங்கி எழுந்தால் நேரே அங்கேதான் வரும். பறவை வருவதற்கு முன்பே கழியில் ஃபோகஸ் செய்து, விசையைக் கீழே தள்ளி மேனுவலில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். நடுவில் படகு வந்தாலும் கிளை ஆடினாலும் லென்ஸ் அசையாது. பறவை வந்து உட்காரும், நான் பொத்தானை அழுத்துவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மண்டபத்தில் முதலில் கண்டினியுவஸில்தான் முயன்றேன். தூணோரம் நின்று அம்மாமேல் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒரு குழந்தை குறுக்கே ஓடியது, ஃபோகஸ் குழந்தையோடு போனது. சாம்பார் வாளியோடு ஒருவர் போனார், வாளி பளிச்சென்று தெரிந்தது, அம்மா கரைந்துபோனாள். வீடியோக்காரரின் விளக்குக் குடை வந்தது. மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தி எதற்கோ எழுந்து நின்று கொண்டையைச் சரிசெய்தாள். ஒவ்வொரு தடவையும் லென்ஸ் அம்மாவை விட்டுவிட்டு வந்தவரைப் பிடித்துக்கொண்டது. தாலி கட்டுகிற நேரத்தில் மொத்தக் கூடமும் எழுந்து நின்று அட்சதை போடும். அப்போது இதை நம்பினால் அம்மா ஒரு படத்திலும் இருக்கமாட்டாள்.

மேடையோரம் விளக்கை நிமிர்த்திக்கொண்டிருந்த போட்டோகிராபர் என் தவிப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிவாஜிநகர்க்காரர். பேச்சில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒன்றாகக் கொதிக்கும்.

“என்ன மேடம், யாரைக் குறி வைக்கிறீங்க? மேடை இந்தப் பக்கம் இருக்கு.”

“எங்கம்மா அங்க நிக்கிறாங்க. குறுக்க ஆளு வந்தா ஃபோகஸ் ஓடிப்போகுது.”

“ஒரே எடத்துல நிக்கிறாங்கன்னா மேனுவல்ல போட்டு ரிங்மேல டேப் ஒட்டிடுங்க. குரூப் போட்டோவுக்கு நாங்க அப்படித்தான் செய்வோம். கூட்டத்துல யாராவது இடிச்சா ஸ்வல்பம் ஆடினாலும் போச்சு.”

அது எனக்குப் பிடித்தது. நீர்க்காகத்துக்குச் செய்ததுதான், இன்னும் கெட்டியாக. பரிசுகளை வாங்கி வைக்கும் மேசையிலிருந்து செல்லோ டேப்பை எடுத்து வந்தேன். அம்மா கதவை ஒட்டி நேராக நின்ற ஒரு கணத்தில் அவள் நெற்றி விபூதியில் ஃபோகஸைப் பிடித்தேன். கண் வைத்துப் பார்க்கும் துளையின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது எரிந்தால் பார்க்கும் இடம் துல்லியம் என்று அர்த்தம். எரிந்தது. விசையைக் கீழே தள்ளினேன். ஃபோகஸ் வளையம் திரும்பாதபடி டேப்பை லென்ஸைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றினேன். பிறகு கூட்டத்தைத் தாண்டி அம்மாவிடமே போனேன்.

“அம்மா, இங்கயே நில்லு. முகூர்த்தம் முடியுறவரைக்கும் நகராத.”

“நான் எங்கடி நகரப்போறேன்? சாவியும் கையுமா நிக்கிறேன்.” இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினாள். “அது என்ன, துப்பாக்கி மாதிரி என் பக்கம் நீட்டிக்கிட்டே இருக்க? அங்க பொண்ணு மாப்பிள்ளை இருக்காங்க. அவங்களை எடு.”

“எடுக்கிறேன் எடுக்கிறேன்.”

சந்தன நிறப் பட்டு கட்டியிருந்தாள். தங்கை எடுத்துக்கொடுத்தது. முந்தானையின் ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. சில்லறையோ, இன்னொரு சாவியோ முடிந்திருப்பாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அது பழக்கம். பஸ் டிக்கெட்டைக்கூட முந்தானையில் முடிவாள்.

திரும்பி வந்து தூணோடு முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். மேடையில் தாரை வார்த்து முடிந்தது. அத்தை முகம் அழுது சிவந்திருந்தது, மாமா கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேங்காய்மேல் தாலியை வைத்து, சுற்றிலும் பூவும் அட்சதையும் நிரப்பிய தட்டைப் புரோகிதர் நீட்டினார். சபையில் எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும். யார் கொண்டுபோவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தபோது, “குடுங்க, நானே கொண்டுபோறேன்” என்று அத்தை தட்டை வாங்கிக்கொண்டாள்.

தட்டு அம்மாவிடம் போகுமா? அத்தைக்கு மனசு இளகியிருக்கலாம். அழுத முகம்தானே. தட்டு வரிசை வரிசையாகப் போவதை வெறும் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாத்தா தொட்டார். யார் யாரோ சித்திகள், பெரியம்மாக்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொட்டவர்கள் தட்டிலிருந்து ஆளுக்கொரு பிடி அட்சதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையும் வந்தது. அதற்குப் பிறகு ஐந்தாறு தப்படியில் நீலக் கதவு. நான் கேமராவில் கண்ணை வைத்தேன்.

அத்தை நின்றாள். கடைசி நாற்காலிக்காரரிடம் தட்டைக் காட்டினாள். அப்படியே திரும்பிவிட்டாள். நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் திரும்ப முடியாது என்று அவளுக்கே தெரிந்திருக்கும். அம்மாவின் முகம் என் கண்ணில் துல்லியமாக இருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை அதில். சாவிக்கொத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடுப்பில் சரியாகச் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்குக் கேமராவைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய் அந்தத் தட்டைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தட்டு மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அக்கா விளக்கை ஏந்தித் தங்கைக்குப் பின்னால் வந்து நின்றாள். நாகஸ்வரம் மெதுவாகிக் காத்திருந்தது. என் பக்கத்தில் தவில்காரர் விரல் கூடுகளைச் சரிசெய்துகொண்டு புரோகிதரின் கையையே பார்த்தார். நானும் இனி மேடையைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைக் கேமராவோடு ஒட்டிக்கொண்டேன். பச்சைப் புள்ளி எரிந்தது. அம்மா கதவோரம் இருந்தாள். கட்டத்துக்குள் அவளும் கதவும்தான்.

கெட்டி மேளம் என் காதுக்குள்ளேயே வெடித்தது. தூண் அதிர்ந்தது, என் முதுகு அதிர்ந்தது. மொத்தக் கூடமும் எழுந்தது. நான் பயந்த மாதிரியே தலைகள் குறுக்கே வந்தன, கைகள் வந்தன, ஆனால் லென்ஸ் அசையவில்லை. தலைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் அம்மா அப்படியே துல்லியமாக நின்றாள். எனக்கு வெற்றிதான். இனி அவள் அழ வேண்டும், நான் அழுத்த வேண்டும்.

அம்மா தலையைக் குனிந்தாள். முந்தானையைக் கையில் எடுத்தாள். கண்ணைத் துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்த முகம் எதற்கு, நிமிரட்டும், நிமிர்ந்ததும் கண்ணீரோடு எடுக்கலாம் என்று விரலைப் பிடித்து வைத்துக்கொண்டேன். அவள் துடைக்கவில்லை. முந்தானை முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். அதற்குள்ளிருந்து எதையோ உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். மஞ்சளாக இருந்தது. அவளே கலந்த அட்சதை.

அப்போதும் நான் அழுத்தவில்லை. என்ன பார்க்கிறேன் என்று புரிவதற்குள் பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது.

அம்மா நடந்தாள். நேராக நடுப்பாதையில், என் பக்கம் நோக்கி, மேடையை நோக்கி. ஒவ்வொரு அடிக்கும் அவள் உருவம் கலங்கிக்கொண்டே வந்தது. பின்னால் கதவு மட்டும் கல்வெட்டுப்போலத் தெளிவாக நின்றது. நான் பொத்தானை அழுத்தினேன். அழுத்தும்போதே அது ஆகாத படம் என்று தெரிந்தது. வளையத்தைத் திருப்பப் பார்த்தேன். திரும்பவில்லை. டேப்! நகத்தால் கீறினேன், டேப் நீளமாகக் கிழிந்ததே தவிர விடவில்லை. இரண்டு சுற்று சுற்றிய என் கெட்டிக்காரத்தனத்தை நானே சபித்தேன். ஒருவழியாக டேப் வந்தது, வளையம் திரும்பியது, ஆனால் பதற்றத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோயிற்று. எட்ட இருப்பதற்கான பக்கம் திருப்பிவிட்டேன். கதவும் போயிற்று, அம்மாவும் போனாள், வண்ணப் புகை மட்டும் மிஞ்சியது.

விசையை மேலே தள்ளினேன். கண்டினியுவஸ். லென்ஸ் கர்ரென்று முழு நீளத்துக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. அம்மாவைப் பிடித்துவிடும், இதோ, இதோ என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து நாலா பக்கத்திலிருந்தும் அட்சதை பறந்தது. லென்ஸ் பறக்கிற அரிசியைப் பிடித்தது. பிறகு யாருடைய வளையல் கையையோ பிடித்தது. பிறகு மறுபடி அரிசியை. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். விட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

மேளம் நின்றது. கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். மேடைப் படிக்குக் கீழே அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. மேடையில் அத்தை திரும்பி அவளைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். ஒரு வார்த்தை எங்கிருந்து வருமோ, எப்படி வருமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

புரோகிதர்தான் பேசினார். தலைமேலும் தோள்மேலும் விழுந்திருந்த அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டே, சலிப்போடு சொன்னார்.

“அம்மா, போடுறதுன்னா மேல ஏறி வந்து போடுங்க. அங்கேர்ந்து போட்டா எல்லாம் என் தலைமேலதான் விழுது.”

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நகர்ந்து வழி விட்டாள். அத்தையோ கையில் இருந்த வெறும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். அம்மா படி ஏறினாள். உள்ளங்கையில் மிச்சமிருந்ததைத் தங்கை தலையிலும் மாப்பிள்ளை தலையிலும் போட்டாள். பிறகு இறங்கி, வந்த வழியே நடந்து, சாமான் அறைக் கதவுக்கே போய் நின்றுகொண்டாள். தேங்காய்களைப் பற்றி அவள் சொன்னது நிஜமான கவலையும்தான் போலிருக்கிறது.

மதியம் பந்தி முடிந்து, மறுவீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பு, மணமகள் அறையில் தங்கை என்னைப் பிடித்தாள். என் கணவரின் லேப்டாப்பில் படங்களை இறக்கி வைத்திருந்தேன். கேமராவின் முதுகில் இருக்கும் திரை தீப்பெட்டியளவு, அதில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு படத்தில் அட்சதை அரிசி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரித் தெளிவாக அந்தரத்தில் நின்றது, பின்னால் சந்தன நிறத்தில் ஒரு கலங்கல். இன்னொன்றில் யாரோ ஒருத்தியின் கண்ணாடி வளையல்கள். எல்லாவற்றுக்கும் முதல் படத்தில் கதவு. கதவுக்கு முன்னால், முகம் இல்லாமல், நடந்து வரும் அம்மா.

“ஒண்ணும் வரல” என்றேன். “நீ ஒண்ணே ஒண்ணு கேட்ட. அதைக்கூட என்னால எடுக்க முடியல.”

தங்கை திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. எனக்கு அது புரியவில்லை.

“பரவால்லக்கா. நான் பாத்துட்டேன்.”

“எதை?”

“அம்மா மூஞ்சியை. மூணாவது முடிச்சு விழுந்துச்சு பாரு, அப்ப தலையைத் தூக்கிட்டேன். அம்மா நேரா என்னைப் பாத்துக்கிட்டே வந்துச்சு. கதவுலேர்ந்து படி வரைக்கும் பாத்தேன்.”

தங்கை பார்த்தாள். அத்தை பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார், புரோகிதர், தவில்காரர், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்தக் காலையில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே நின்ற நான் ஒருத்திதான் அதைப் பார்க்கவில்லை.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். “அழுதுச்சா?”

தங்கை யோசித்தாள். மருதாணிக் கையால் நெற்றிச்சுட்டியை நகர்த்திவிட்டுக்கொண்டாள்.

“இல்லக்கா. கோவமா இருந்துச்சு. அப்பா செத்தப்பகூட அம்மாவை அப்படிப் பாத்ததில்ல. ரொம்பக் கோவம்.”

அப்போது அம்மா தாம்பூலப் பைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏற்றுவதற்கு இன்னும் எத்தனை பை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தவள், எங்கள் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கதவு நல்லா வந்திருக்குடி” என்றாள்.

தங்கை வெடித்துச் சிரித்தாள். அம்மா சிரிக்காமல் பைகளோடு வெளியே போய்விட்டாள். நான் மறுபடி திரையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கதவின் நீலப் பெயிண்ட் உரிந்து கீழே பழைய பச்சை தெரிந்த இடம்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது.